இரண்டாவது பெட்ஷீட்

கேட் விழுந்துவிட்டது. கொஞ்சம் அழுத்தியிருந்தால் தாண்டியிருக்கலாம், ஆனால் பெருமாள்சாமி அண்ணன் சைக்கிளுக்குக்கூட வழி விட்டுவிட்டுத்தான் ஜீப்பை நகர்த்துவார், அரசாங்க வண்டி என்ற பயம். இப்போது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் முத்துப்பேச்சி. அவள்தானா? அவள்தான். போன வாரம் கட்டியிருந்த அதே மாம்பழக் கலர் சேலை. வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம், கேட் வரைக்கும் ஏன் வந்தாள்? முன்னால் ஒரு மினி பஸ் மறைத்துக்கொண்டு நிற்கிறது, இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் பஸ்ஸுக்கும் கேட் கம்பத்துக்கும் நடுவில் அவள் தெரிகிறாள். பின் சீட்டில் இருக்கிற அவள் மகள் சுபிக்ஷாவுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. "உங்க அம்மா அங்க நிக்கிறாங்க பாரு" என்று நான் சொல்லிவிட்டு, பிறகு மனசு மாறி வண்டியைத் திருப்பச் சொன்னால்? திருப்பச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருக்கிறது, அதுதான் தொல்லை. குழந்தைகள் நலக் குழு நேற்று போட்ட உத்தரவில் அழகாக ஒரு வரி: மேற்பார்வையாளர் நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தால் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கலாம். மேற்பார்வையாளர் நான். திருப்தி என்னுடையது. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு காப்பி கூட எனக்குத் திருப்தியாகக் கிடைத்ததில்லை, என்னைப் போய்த் திருப்தி அடையச் சொல்கிறார்கள்.

கேட் மூடினாலும் ஊர் நிற்கிறதா என்ன, குனிந்து குனிந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். மில் பையன்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், தலையில் கூடையோடு ஒரு கிழவர், எல்லாரும் கம்பிக்கு அடியில் நுழைந்து வருகிறார்கள். முத்துப்பேச்சி மட்டும் குனியவில்லை. ஏன்? ஜீப்பின் நெற்றி அவளுக்குத் தெரியாமல் இருக்காது, உள்ளே பிள்ளை இருப்பதும் தெரியும். பிள்ளையைப் பார்க்கத் தவிக்கிற அம்மா என்றால் இந்நேரம் பாய்ந்து வந்திருக்க மாட்டாளா? சரி, பாய்ந்து வந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? ரயில் வருகிற நேரத்தில் தண்டவாளத்தில் ஓடுகிறாள், நாளைக்குப் பிள்ளையையும் இப்படித்தான் கூட்டிப்போவாள், பொறுப்பில்லாதவள் என்று நினைத்திருப்பேன். அப்படியானால் நிற்பது பொறுப்பு. இல்லை, நான் பார்ப்பேன் என்று தெரிந்துதான் நிற்கிறாள், அது நடிப்பு. நடிப்பு என்றால் அதுவும் பிள்ளைக்காகத்தானே நடிக்கிறாள்? எனக்குத் தலை வலிக்கிறது. ஜீப்பின் ரெக்சின் சீட் தொடையைச் சுடுகிறது. பின்னால் லாரிக்காரன் என்ஜினை அணைக்காமல் புகை விட்டுக்கொண்டிருக்கிறான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள், வியர்வையா அழுகையா, இவ்வளவு தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது.

போன வாரம் வீட்டைப் பார்க்கப் போனபோது வந்த குழப்பம் இது, இன்னும் தீரவில்லை. ரெஜினாவும் நானும் போனோம். ரெஜினா எங்கள் சமூகப் பணியாளர், சின்னப் பெண், எதையும் பார்த்தபடியே நம்பிவிடுவாள். இப்போது பின் சீட்டில் சுபிக்ஷாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு வாசலில் கோலம், உள்ளே சாம்பிராணி வாசனை. ஒற்றை அறை வீடு, அப்படியொரு சுத்தம். அடுப்படியில் ஒரு பாத்திரம் கவிழ்ந்து கிடக்கவில்லை. கட்டிலில் மடிப்புக் கலையாத புது பெட்ஷீட், சிவப்புப் பூ போட்டது. "சூப்பரா வெச்சிருக்காங்கல்ல மேடம்" என்றாள் ரெஜினா. நான் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வீடு வீடாகப் படியேறி நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், அழுக்கு வீடு எதையும் மறைக்காது, துடைத்து வைத்த வீட்டைத்தான் பயந்து பார்க்க வேண்டும். இதை நானே பயிற்சி வகுப்பில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அழுக்காக இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பேனா? பிள்ளை வளரத் தகுந்த சூழ்நிலை இல்லை என்று சொல்லியிருப்பேன். அவள் வீட்டைக் கூட்டினாலும் தப்பு, கூட்டாவிட்டாலும் தப்பு. இது போதாதென்று அலமாரியில் இன்னொரு பெட்ஷீட், அதுவும் புதுசு, அதே சிவப்புப் பூ. கவர்கூடப் பிரிக்கவில்லை. ஒரு கட்டில், ஒரு பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் கஞ்சி குடிக்கிற வீடு, இங்கே எதற்கு இரண்டு புது பெட்ஷீட்? யார் வாங்கிக் கொடுத்தது? கேட்டேன். "சும்மா, மாத்திக்க மேடம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தரையைப் பார்த்தாள். அதுவரைக்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், பெட்ஷீட்டைக் கேட்டதும் கண் கீழே போய்விட்டது. யாரோ ஒரு ஆள் இருக்கிறான். அந்த வீட்டில் யாரோ வந்து போகிறான். அன்றைக்கு மனசில் முடிச்சாக விழுந்தது இன்னும் அவிழவில்லை.

போனில் அந்தப் போட்டோ இருக்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கட்டில், பூ, தலையணை, கதவு ஓரத்தில் ஆணியில் பூட்டு. அந்தப் பூட்டுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முத்துப்பேச்சி அப்போது மில்லில் நைட் ஷிப்ட். பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள், விடிந்ததும் வந்து திறப்பாள். ஒரு நாள் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகள் உதவி எண் பத்து ஒன்பது எட்டுக்குப் போன் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் போய்க் கதவுக் கொண்டியைப் பெயர்த்துத் திறந்தார்கள். "பூட்டாமப் போனா எவன் கதவைத் தட்டுவானோன்னு மில்லுல எனக்குக் கை ஓடுமா மேடம்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள். என்ன சொல்வது, தீ பிடித்திருந்தால் என்று சொன்னேனோ? சொன்னேன் போலிருக்கிறது. பிள்ளை குழந்தைகள் இல்லத்துக்குப் போனது. இப்போது நைட் ஷிப்டை விட்டுவிட்டாள், தீப்பெட்டி ஆபீஸில் பகல் வேலை, ரெஜினா அங்கேயும் போய் விசாரித்துவிட்டு வந்தாள், உண்மைதான். எத்தனை நாளைக்கு உண்மை? இன்று காலையில் இல்லத்து வராந்தாவில் வைத்து இந்தப் போட்டோவைச் சுபிக்ஷாவிடம் காட்டினேன். "பாரு, உனக்காக அம்மா எப்படி வெச்சிருக்காங்க." மற்ற பிள்ளைகள் என்றால் போனைப் பிடுங்கிவிடும். இது சிரிக்கவில்லை, அழவில்லை, பூவையே பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தது. வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்காத பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எதைப் பார்த்துப் பயந்தது? பூட்டையா? பூட்டு அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது, எனக்கே பெரிதாக்கினால்தான் தெரிகிறது.

சுத்தமான வீட்டைச் சந்தேகப்படுகிற நான் என்ன யோக்கியம். நாத்தனார் வருகிறாள் என்றால் துவைக்காத துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும், ஷோகேஸில் இருக்கிற கண்ணாடித் தம்ளர் அன்றைக்கு ஒரு நாள் வெளிச்சத்தைப் பார்க்கும். அதை யாராவது போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன எழுதுவார்கள்? கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்றுதானே. ஆனால் என் வீட்டை யாரும் சோதிக்க மாட்டார்கள், என் பிள்ளை படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள், நான் தப்பித்தேன். இவள் தப்பிக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் படம் பேப்பரில் வந்தால்? கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள். அனுப்பாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இல்லத்தில் இருக்கிற பிள்ளை எந்தப் பேப்பரிலும் வராது. அங்கே நேரத்துக்குச் சோறு, வாட்ச்மேன், காம்பவுண்டு சுவர், நான் போகும்போதெல்லாம் வரிசையாகக் கட்டில், பூப்போட்ட விரிப்பு, உள்ளே நுழைந்ததும் அந்துருண்டை வாசனை. அந்த வாசனை வந்தாலே எனக்கு மூச்சு நிதானமாகிவிடும், அப்பாடா, சுத்தம் என்று. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. திருப்பிவிடலாமா? தாய் கேட்டுக்கு வந்து நின்றதுகூட ஒரு காரணம்தான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதலாம். சீ, என்ன புத்தி எனக்கு.

"பிஞ்சு வெள்ளரி, பிஞ்சு வெள்ளரி" என்று ஒரு அம்மாள் ஜன்னல் ஜன்னலாக வருகிறாள். பெருமாள்சாமி அண்ணன் ஒன்று வாங்கி, கீறி மிளகாய்த்தூள் தடவியதை அப்படியே பின்னால் நீட்டுகிறார். "இந்தா பாப்பா, சாத்தூர் வெள்ளரி, காசு கொடுத்தாலும் வேற ஊர்ல கெடைக்காது." சுபிக்ஷா கை நீட்டவில்லை, என்னைப் பார்க்கிறாள். இல்லத்துப் பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான், எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு பெரியவர் முகத்தைப் பார்க்கும். "வாங்கிக்கோ" என்றேன். வாங்கி, நுனியைக் கடித்து, மென்று, முழுங்கிவிட்டுத்தான் பேசியது. "மேடம், போட்டோவுல இருக்குற பெட்ஷீட்டை எப்ப எடுத்து உள்ள வைப்பாங்க?" எனக்குப் புரியவில்லை. "யாரு?" என்றேன். "அம்மாதான். நீங்க போனதுமா, இல்ல சாயங்காலமா?" எதற்கு எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். நான்தான் சின்னப் பிள்ளை என்பது மாதிரிப் பொறுமையாக என்னைப் பார்த்தது. "நீங்க பாக்குறதுக்குத்தானே போடுறது. இல்லத்துலயும் நீங்க வர்ற அன்னைக்குத்தான் பூப்போட்டது போடுவாங்க. அது மேல உக்காரக் கூடாது, கசங்கிரும். நீங்க ஜீப்புல ஏறினதும் மடிச்சு, அந்துருண்டை போட்டுப் பெட்டிக்குள்ள வெச்சிருவாங்க." "மத்த நாள்?" என்றேன். "மத்த நாள் பாய். எனக்குப் பாயும் இல்ல, தரைதான்." ஏன் என்று கேட்டேன். அது வெள்ளரியைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கூட்ஸ் வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிற கரி வண்டி, பெட்டி பெட்டியாகப் போகிறது, ஜீப் அதிர்கிறது, முத்துப்பேச்சி மறைந்துவிட்டாள். நல்ல வேளை, யாரும் எதுவும் பேச முடியாத சத்தம். அந்துருண்டை. நான் சுத்தம் என்று இழுத்து இழுத்து முகர்ந்தது அந்துருண்டை. பெட்டிக்குள் இருந்த துணியின் வாசனை அது, என் வீட்டுப் பட்டுப் புடவையிலும் அதே வாசனைதான், எத்தனை தடவை முகர்ந்திருக்கிறேன், ஒரு தடவையாவது உறைத்ததா? இல்லத்துக்குப் போவதற்கு முதல் நாள் வார்டனுக்குப் போன் பண்ணிச் சொல்வது வழக்கம், திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை என்று. முத்துப்பேச்சிக்கும் முதல் நாளே சொன்னோம். இரண்டு இடத்திலும் பூப்போட்ட விரிப்பு. ஒன்றைப் பார்த்து நிம்மதி, ஒன்றைப் பார்த்துச் சந்தேகம். மைக் பிடித்துச் சொன்னேனே, துடைத்து வைத்த வீட்டைப் பயந்து பாருங்கள் என்று, அதை இல்லத்துக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? காம்பவுண்டு சுவர் இருந்தால் வீடு இல்லையா? ஆனால் இதனால் முத்துப்பேச்சி நல்லவள் என்று ஆகிவிடுமா? இல்லமும் நடிக்கிறது, அவளும் நடிக்கிறாள் என்றுதானே ஆகிறது? நான் எங்கேதான் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது? எந்த வீட்டில், யாரும் வராத நாளில், என்ன விரித்திருக்கும்? அதை எப்படிப் போய்ப் பார்ப்பது? நான் போனாலே அது யாரோ வந்த நாளாகிவிடுகிறதே. பெட்டிகள் தீரவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, கரித்தூள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டியின் கடைசிப் பெட்டி போனது. அந்தப் பக்கம் முத்துப்பேச்சி இல்லை. போய்விட்டாளா? கேட் மேலே ஏறுகிறது, இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிளம்புகின்றன, பைக்குகள், மினி பஸ், ஹார்ன், அவளைக் காணோம். ஒரு நிமிஷம், போகட்டும், இனி முடிவு எடுக்க வேண்டாம் என்றுகூட இருந்தது. அப்புறம் என் ஜன்னலிலேயே வந்து நிற்கிறாள், மூச்சு இரைக்க, சேலை முழுக்கக் கரித்தூள். "கும்பிடுறேன் மேடம். வீட்டுல இருக்கச் சொன்னீக. இருப்புக் கொள்ளல." என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள், பிள்ளையைப் பார்த்தல்ல. அதையும் மனசு குறித்துக்கொண்டது, பழக்கதோஷம். "பின்னால ஏறுங்க" என்றேன். ஏறினாள். மகளைத் தொடவில்லை, தொடலாமா என்று தெரியாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஜீப் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. சுபிக்ஷா அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பாதி வெள்ளரியைப் பார்த்துக் கேட்டது: "அம்மா, அந்த பெட்ஷீட்டை மேடம் போனதும் மடிச்சு வெச்சிருவியா?"

"எதுக்குடி மடிக்கணும்? நீ படுக்கத்தானே வாங்கினது." பிள்ளை ஏதோ முணுமுணுத்தது. "இல்ல, நான்..." என்று நிறுத்திவிட்டு என் முதுகைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள். "மோண்டு வெச்சிருவே, அதானே? தெரியாமலா ரெண்டு வாங்குனேன்? ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு கெடக்கு. காலையில அலசிக் கொடியில போட்டா வெயில்ல காஞ்சிட்டுப் போகுது." "அய்யோ, சும்மா இரும்மா, அண்ணன் கேக்குறாரு" என்று சுபிக்ஷா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது, வெள்ளரி அம்மாவின் மடியில் விழுந்தது. பெருமாள்சாமி அண்ணன் ரோட்டை அப்படி முறைத்துப் பார்த்து ஓட்டினார். கையை எடுத்தபோது பிள்ளைக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது, கோபமும் சிரிப்புமாக. இவ்வளவு நாளில் அந்த முகத்தில் நான் எதையாவது பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்படியானால் இல்லத்தில் அந்தத் தரை, பாய் நனையும் என்றுதான். அப்படியானால் முத்துப்பேச்சி தரையைப் பார்த்தது. மகளின் மானத்தை அயலாள் முன்னால் வாங்கக் கூடாது என்று பார்த்தது. இல்லத்தில் எனக்குக் கொடுத்த குறிப்பில் இந்தப் பிள்ளைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று இருக்கிறது. பூப்போட்ட விரிப்பை யார் வேண்டுமானாலும் விரிக்கலாம். நனையும் என்று தெரிந்து இன்னொன்றும் வாங்கி வைக்க ஒருத்தியால்தான் முடியும்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அதே பூட்டு கதவில் தொங்குகிறது. "இது?" என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போறப்ப பூட்டணும்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். இரண்டு பேரும் வெளியே. சரிதான். ரெஜினா என் காதோரம் வந்து, "மேடம், திருப்திதானே? எழுதிரலாமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கூலி குறைவு, மில்காரன் திரும்பக் கூப்பிடுவான், இவள் போகலாம், போகாமல் இருக்கலாம். "எழுது" என்றேன். முத்துப்பேச்சியிடம், "இனிமே சொல்லாமத்தான் வருவேன்" என்றேன், மிரட்டுகிற மாதிரி வந்துவிட்டது, நான் அப்படி நினைக்கவில்லை. அவள் பயப்படவில்லை. "வாங்க மேடம். ஆனா வீடு அன்னைக்குப் பாத்தாப்புல இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்." அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகி உட்கார்ந்தது. திருப்தி என்பது இதுதானோ என்னவோ, பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை. பிள்ளை அதற்குள் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறி, புது பெட்ஷீட் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கசங்கட்டும் என்று இரண்டு தடவை குதித்தது.

திரும்பி வரும்போது கேட் திறந்துதான் இருந்தது. "ஆபீசுக்கா மேடம்?" என்றார் பெருமாள்சாமி அண்ணன். இல்லத்துக்குப் போகச் சொன்னேன். ரெஜினா பழக்கத்தில் போனைக் கையில் எடுத்தாள். "வார்டன் அக்காவுக்கு, வர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா மேடம்?"

"வேண்டாம்" என்றேன்.